ஒற்றை டிக்கில் ஒரு நெய்தல் பாட்டு: போன் காலத்துக் கவிதை எழுத வருபவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்குச் செல்போன் ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு ஷட்டரை இறக்கிவிடுவேன். சாயங்காலம் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அவரவர் எழுதியதைப் படிப்போம். மாசத்துக்கு ஒரு புதுமுகமாவது வரும். வருகிறவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுப்பார், தொண்டையைச் செருமுவார், படிப்பார். பெரும்பாலும் அது போனைத் திட்டுகிற கவிதையாக இருக்கும்.

நானும் அங்கிருந்து வந்தவன்தான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கவியரங்கத்தில் "முகநூலில் ஐயாயிரம் நண்பர்கள், முகம் பார்க்க ஒருவரும் இல்லை" என்று முடியும் கவிதையை மைக்கில் வாசித்தேன். ஃபேஸ்புக்கில் 5,000 பேருக்கு மேல் நண்பர்களைச் சேர்க்க முடியாது, அதனால் எல்லாருக்கும் அதே எண் கிடைத்துவிடுகிறது. எனக்கு முன்னால் படித்தவரும் அதே வரியில்தான் முடித்திருந்தார். எனக்கு அடுத்து மேடை ஏறியவர் தன் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எனக்கும் அதே வரிதாங்க, வேற ஒண்ணு படிக்கிறேன்" என்றார். அன்றைக்கு நிறையக் கைதட்டு வாங்கியது அவர்தான்.

வருகிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் போனை மன்னித்துவிடுங்கள்

ஒரு தாளில் இவற்றை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்: விரல் நுனியில் உலகம், தொடுதிரையைத் தொட்டேன் உன்னைத் தொடவில்லை, சார்ஜ் தீர்ந்த காதல், நெட்வொர்க் கிடைக்காத இதயம், கைபேசியா கைவிலங்கா. ஆறு மாசத்துக்கு இந்தப் பக்கமே போகக் கூடாது.

இந்த வரிகளில் போன் இருக்கிறது, ஆள் இல்லை. "மனிதர்களைப் பிரித்துவிட்டாயே" என்று திட்டுகிறவர் எந்த மனிதரையும் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. என் கடைக்கு வந்து பாருங்கள். தண்ணீரில் விழுந்த போனைக் கொண்டுவருகிறவர்கள் போனுக்காக அழுவதில்லை. "செட்டு போனாப் போவுது அண்ணா, உள்ள இருக்கறத மட்டும் எடுத்துக் குடு" என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் நமக்கு விஷயம்.

ஒரு வாரம் எழுத வேண்டாம், பொறுக்குங்கள்

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். போனிலேயே குறித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். குறிக்கலாம். குறிக்கப் போன இடத்தில் ஒரு ரீல்ஸ் கண்ணில் படும், அப்புறம் அரை மணி நேரம் கழித்து எதற்கு வந்தோம் என்று யோசிப்பீர்கள்.

முதல் நாள் உங்கள் போனில் பெயர்கள் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். தண்ணி கேன் தம்பி, கேஸ் அண்ணன், அம்மா ஜியோ, அம்மா பழசு. ஒரு பெரியவர் பட்டன் போனிலிருந்து புதுப் போனுக்கு நம்பர்களை மாற்றித் தரச் சொன்னார். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு நம்பர் "பெரியவன் எடுக்கமாட்டான்" என்று இருந்தது. நான் நிறுத்தினேன். "அதையும் போடு" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்குப் பக்கத்தில் வைக்க என்னால் இன்றுவரை ஒரு வரி எழுத முடியவில்லை. இப்படி ஒன்று கிடைத்தால் அதில் கை வைக்காதீர்கள், அப்படியே நோட்டில் ஏற்றுங்கள்.

இரண்டாம் நாள் வீட்டு மிஸ்டு கால் பாஷையைக் கேட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒரு ரிங் விட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் ரயில் பேசின் பிரிட்ஜ் தாண்டிவிட்டது, டீ போடலாம். பேச்சுக்குக் காசு கொடுத்த காலத்தில் பிறந்த பழக்கம். இன்றைக்குப் பேச்சு இலவசம் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் அப்பா இன்னமும் இரண்டு ரிங்தான்.

மூன்றாம் நாள் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து பழைய கணக்கைத் தள்ளிக்கொண்டே போங்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு அண்ணன் தம்பியை எனக்குத் தெரியும். மாசம் ஒண்ணாம் தேதி தம்பி அண்ணனுக்கு 1,500 ரூபாய் அனுப்புகிறார், அம்மா மருந்துக்கு. மூன்று வருஷமாக அந்தப் பக்கத்தில் ரூபாயைத் தவிர ஒரு எழுத்து இல்லை. ஒரு மாசம் மட்டும் 2,000 போயிருக்கிறது. அண்ணன் 500-ஐத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர்களுக்குள் நடந்த ஒரே உரையாடல் அது. இதைக் கவிதையாக்க உவமை தேடிப் போகிறவரை நான் மாடிக்கு ஏற்றமாட்டேன்.

மிச்ச நாட்களில் இன்னும் கொஞ்சம் வெட்கப்படும் இடங்களுக்குப் போங்கள். தட்டிவிட்டு அனுப்பாமல் பெட்டியிலேயே கிடக்கும் பாதிச் செய்தி, அனுப்பி அழித்த செய்தி, எதிர்ப்பக்கம் "டைப்பிங்" என்று வந்து வந்து மறைந்த ராத்திரி. இந்த ஒரு வாரமும் கவிதை என்ற வார்த்தையையே நினைக்க வேண்டாம். கேட்டதைக் கேட்டபடி, வீட்டு வாயில் வந்தபடி எழுதினால் போதும்.

முதல், கரு, உரி

இதைப் பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்து மறந்திருப்பீர்கள். தூசு தட்டி எடுங்கள், போன் காலத்துக்கு இதைவிட நல்ல கருவி நான் பார்க்கவில்லை.

அகப்பாட்டுக்கு மூன்று பொருள் என்கிறார் தொல்காப்பியர். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த நிலத்தில் இருக்கிற பறவை, மரம், உணவு, தொழில், பறை எல்லாம். உரிப்பொருள் என்றால் அங்கே நடக்கிற மனசு: குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். மூன்றும் சொன்ன வரிசையில் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்றும் சொல்லிவிட்டார். கடைசியில் நிற்கிற உரிதான் எல்லாவற்றுக்கும் மேல்.

புதிதாக எழுத வருபவர் தடுக்கி விழுவது இங்கேதான். போனை உரிப்பொருள் என்று நினைத்துவிடுகிறார். போன் கருப்பொருள். அன்றைக்கு நாரை, இன்றைக்கு டவர், அவ்வளவுதான். நாரையைத் திட்டி யாராவது பாட்டு எழுதினார்களா?

ஒன்றைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார். டிஸ்ப்ளே உடைந்து பாதித் திரை கறுப்பாகிவிட்டது. பார்ட்ஸ் ரிச்சி தெருவிலிருந்து வர வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றேன். "இன்னிக்கு நைட்டு போட்டு வரும் தம்பி. டிக்கு விழுந்தாத்தான் நான் அடுப்ப பத்த வெக்கணும். எப்படியாச்சும் பண்ணிக் குடு" என்றார். போட்டு என்றது கணவர் போன படகை. கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பையனை வண்டியில் அனுப்பி டிஸ்ப்ளே வரவழைத்து, மாட்டி முடிக்க ஒன்பதரை ஆனது. எல்லாம் தெரிகிறதா என்று அவரே வாட்ஸ்அப்பைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். கணவருக்கு அனுப்பியவை வரிசையாக நின்றன. கரண்டு பில் கட்டியாச்சு. சிலிண்டர் வந்துச்சு. சின்னவனுக்கு ஜுரம் விட்டுடுச்சு. ஒன்பது நாள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒற்றைச் சாம்பல் டிக்.

டிக் விவரம் தெரியாதவர் இப்போது இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், கவிதைக்கு இது முக்கியம். ஒரு டிக் என்றால் செய்தி உங்கள் போனைவிட்டுப் போய்விட்டது. இரண்டு டிக் என்றால் அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. நீலம் என்றால் திறந்துவிட்டார், அந்த நீலம் வந்தது 2014-இல். விசைப்படகு கரையைவிட்டு விலகினால் சிக்னல் போய்விடும். எட்டு நாளோ பத்து நாளோ வலை போட்டுவிட்டுத் திரும்பும்போது, கரை நெருங்க நெருங்க, போன் உயிர் பெற்றுச் செய்திகளை மொத்தமாக வாங்கிக்கொள்ளும். அந்த நொடியில் இங்கே வீட்டில் எல்லா ஒற்றை டிக்கும் இரட்டையாகும். படகு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே படகு வந்துவிட்டது என்று அந்த அக்காவுக்குத் தெரியும்.

போய்ச் சேராது என்று தெரிந்தேதான் ஒன்பது நாளும் அனுப்பியிருக்கிறார். இதில் முதற்பொருள் காசிமேடு, விடிகாலை. கரு படகு, டிக், சிலிண்டர், ஜுரம். உரி என்னவென்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் கவிதைக்குள் சொல்லக் கூடாது.

திணை என்ற ஏற்பாடு எவ்வளவு கூர்மையானது என்று இதே டிக்கை வைத்துப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில். இப்போது அதே அக்கா அனுப்பும் செய்திக்கு உடனே இரண்டு டிக் விழும், உடனே நீலமும் ஆகும். பதில்தான் வராது. கணவர் கேரம் கிளப்பில் இருப்பார். பொருள் அதே டிக், திணை மருதத்துக்கு மாறிவிட்டது. இனி ஊடல்தான்.

மற்றத் திணைகளும் நம் பேட்டையிலேயே கிடக்கின்றன. துபாயில் இருக்கும் மகன் வீடியோ காலில் வீட்டை ஒரு சுற்று காட்டச் சொல்கிறானே, அது பாலை. ராத்திரி ஷிப்ட் போன பெண்ணின் லைவ் லொகேஷனைப் பார்த்தபடி தூங்காமல் இருக்கும் அம்மா முல்லை. ஒளித்து வைத்த காதலின் ஸ்கிரீன்ஷாட் தெருவெல்லாம் சுற்றினால் அதற்குப் பழைய பெயர் அலர்.

உங்கள் நோட்டைத் திறந்து, பொறுக்கி வைத்ததில் ஒன்றை எடுத்து, இந்த மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். நிலமும் பொழுதும் என்று வரும்போது "ஒரு மாலைப் பொழுதில்" என்று விட்டுவிடாதீர்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் போகும்வரை நின்ற பத்து நிமிஷம், தண்டையார்பேட்டை தாண்டியதும் மெட்ரோ சுரங்கத்தைவிட்டு வெளிச்சத்துக்கு ஏறுகிற அரை நிமிஷம், எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. அந்த அளவுக்கு.

பழசில் இதற்கு என்ன பெயர்?

எழுத உட்காரும் முன் இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்வது எனக்குப் பழக்கம். செய்தி அனுப்புவது நமக்குப் புதுசில்லை. கிளி, அன்னம், மேகம், நெஞ்சு என்று எதையெதையோ தூது விட்டவர்கள் நாம். அதற்கென்றே ஒரு சிற்றிலக்கிய வகை வைத்திருக்கிறோம். கிளி போய்ச் சேர்ந்ததா என்று அவர்களுக்கும் தெரியாது.

தந்தியும் அப்படித்தான். 2013 ஜூலை 14-ஆம் தேதியோடு இந்தியாவில் தந்தி நின்றது. தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே, பிரித்துப் படிக்கும் முன்னே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும் என்று எங்கள் ஆயா சொல்லும். ராத்திரி 2 மணிக்குப் போன் அடித்தால் இன்றைக்கும் நம் வயிறு கலங்குகிறது, எதிரில் ராங் நம்பராக இருந்தாலும்.

எனக்குப் பிடித்த உதாரணம் திருவொற்றியூரில் இருக்கிறது. சுந்தரர் சங்கிலியாரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். "உன்னைப் பிரியமாட்டேன்" என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். திருவாரூருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் மனசுக்குள் இருக்கிறது. அதனால் சிவனிடம், நான் சத்தியம் செய்யும்போது நீர் கோயிலுக்குள் இருக்காதீர், மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்கிறார். சரி என்ற சிவன் சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். பிறகு சுந்தரர் சத்தியத்தை மீறி ஊர் எல்லை தாண்டியதும் கண் போகிறது. லாஸ்ட் சீனை மறைத்து வைத்துவிட்டு "தூங்கிட்டேன் மா" என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மகிழ மரம்தான் ஞாபகம் வரும். புது விஷயத்துக்குப் பழைய வேர் ஒன்று கையில் கிடைத்தால் கவிதையில் ஆச்சரியக்குறி போடும் ஆசை தானாகக் குறைந்துவிடும்.

யார் பேசுகிறார், யார் பெயர் வரக் கூடாது

அகப்பாட்டில் எப்போதும் யாரோ ஒருவர் பேசுவார். தலைவி, தோழி, செவிலி, பாணன். கவிஞர் வாய் திறப்பதில்லை. நீங்களும் முதல் பத்துக் கவிதைகளை இன்னொருவர் வாயில் எழுதிப் பாருங்கள். "நான்" என்று தொடங்கினால் புதிதாக வருபவருக்குப் பிரசங்கம் வந்துவிடுகிறது. பெரியவன் எடுக்கமாட்டான் என்று பதிவு செய்த அப்பா பேசட்டும், 500 ரூபாயைத் திருப்பி அனுப்பிய அண்ணன் பேசட்டும். இல்லையென்றால் அண்ணனின் மனைவி பேசட்டும், அவருக்குத்தான் எல்லாம் தெரியும். தோழி என்ற பாத்திரத்தைச் சும்மாவா வைத்தார்கள்?

இன்னொரு விதியும் அங்கேயே இருக்கிறது. அகத்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் காலத்தில் இதற்கு மதிப்பு இன்னும் கூடிவிட்டது. யாராவது உங்களுக்கு அந்தரங்கமாக அனுப்பியதைக் கவிதையில் எடுத்தாள வேண்டுமென்றால் கேளுங்கள். கேட்க முடியாத நிலை என்றால் ஊர், தொழில், உறவு என்று இரண்டையாவது மாற்றுங்கள். அந்தக் காசிமேட்டு அக்காவிடம் கேட்டபோது சிரித்துவிட்டு, "எழுதிக்கோ, பேரு மட்டும் போடாத" என்றார். தொல்காப்பியர் சொன்னதையே சொல்லிவிட்டார்.

வார்த்தை

வாட்ஸ்அப் என்று எழுதுவதா, புலனம் என்று எழுதுவதா? மாடியில் இதற்காக ஒருமுறை டீ ஆறிப்போகும்வரை சண்டை நடந்தது. என் கட்சி இதுதான்: பேசுகிறவர் வாயில் என்ன வருமோ அது. மீன் கூடை சுமக்கும் ஆயா "திறன்பேசி" என்று சொன்னால் கவிதை அந்த இடத்தில் செத்துவிடும். தமிழாசிரியர் ஒருவர் பேசும் கவிதையில் புலனம் வந்தால் அதுவே அழகு.

வெளி வார்த்தையைத் தமிழ்த் தாளத்தில் உட்கார வைக்கப் பயில வேண்டுமென்றால் கானா கேளுங்கள். நைனா தெலுங்கிலிருந்து வந்தது, பேஜார் உருதுவிலிருந்து வந்தது. கானாக்காரர் வாயில் இரண்டும் இங்கேயே பிறந்த மாதிரி இருக்கும். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுகிற மரண கானாவை ஒருமுறையாவது நேரில் கேட்டுவிடுங்கள். செத்தவர் என்ன வேலை செய்தார், எந்தத் தெருவில் நின்றார், யாரிடம் கடன் சொன்னார் என்று விவரமாகப் பாடிக்கொண்டே போவார்கள். "துயரம்" என்ற வார்த்தை வராது. விடியும்போது தெருவே அழும்.

ஆப்களின் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள். ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. டிக்டாக்கை 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்தார்கள். அவற்றை நம்பி எழுதிய காதல் கவிதைகளுக்கு இப்போது பொழிப்புரை தேவைப்படுகிறது. டிக், ரிங், நம்பர், பேர் மாதிரி எளிய சாமான்கள் கொஞ்ச காலம் தாங்கும்.

வரி எங்கே முறியும்

ஓலைச்சுவடியில் பாட்டை வரி பிரித்து எழுதவில்லை, தொடர்ந்து எழுதிக்கொண்டே போனார்கள். அடி எங்கே முடிகிறது என்று காதுதான் சொன்னது. நீங்களும் முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள். மேஜையில் விரலால் தட்டுங்கள். மூச்சு எங்கே தானாக நிற்கிறதோ அங்கே முறியுங்கள். மோனையும் எதுகையும் தேடிப் போக வேண்டாம், வந்தால் விரட்டவும் வேண்டாம்.

அப்புறம் திரையில் பார்க்க வேண்டும். தமிழ் வார்த்தை நீளம். "கேட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம்" என்று ஒன்று போட்டால் சின்னப் போனில் ஒரு வரி முழுக்க அதற்கே போய்விடும். நான்கு சீர் கொண்ட அளவடி பெரும்பாலும் திரைக்குள் அடங்கும், அதைத் தாண்டினால் மடங்கி அடுத்த வரியில் விழுந்து நீங்கள் முறிக்காத இடத்தில் முறியும். கவிதையை உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் அப்பா போனிலும் ஒருமுறை. அங்கே நின்றால் எங்கேயும் நிற்கும்.

வெட்டுவது

காசிமேட்டு அக்கா வந்துபோன அன்றைக்கு ராத்திரியே நான் எழுதியது இது. மறைக்காமல் தருகிறேன்.

கடலுக்குப் போன கணவனே
காத்திருக்கிறாள் உன் மனைவி
ஒற்றை டிக்கில் தொங்குகிறது உயிர்
இரட்டை டிக்கில் துடிக்கும் இதயம்
அன்பைச் சுமக்கும் அலைவரிசையே
நீ வாழ்க!

எட்டு நாள் நோட்டிலேயே கிடந்தது. எடுத்துப் படித்தபோது யாரோ நிகழ்ச்சித் தொகுப்பாளர் பேசுவது மாதிரி இருந்தது. உயிரும் இதயமும் யாருக்கும் உண்டு, அவருடைய சிலிண்டரும் ஜுரமும் காணவில்லை. கடைசி இரண்டு வரியை முதலில் அடித்தேன். புதிதாக எழுதுகிறவர் யோசிக்கவே தேவையில்லை, கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டு மிச்சம் நிற்கிறதா என்று பார்த்தால் போதும், அனேகமாக நிற்கும். அப்புறம் "காத்திருக்கிறாள்" போனது. அவர் காத்திருப்பதாக ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அடுப்பு பற்ற வைக்கணும் என்றுதான் சொன்னார். அடித்து அடித்து இங்கே வந்தது:

கரண்டு பில் கட்டியாச்சு.
சிலிண்டர் வந்துச்சு.
சின்னவனுக்கு ஜுரம் விட்டுடுச்சு.
ஒன்பது நாளாய் ஒற்றை டிக்.

விடிகாலை மூணே காலுக்கு
எல்லாம் இரண்டாச்சு.

கடல் பக்கம் பார்க்கவில்லை.
அரிசி களையப் போனாள்.

மேலே இருப்பது அவர் குரல், கீழே கதை சொல்கிறவர் குரல். நடுவில் "மூன்றேகால் மணிக்கு" என்று இருந்ததை "மூணே காலுக்கு" என்று மாற்றியதும்தான் இரண்டு குரலும் ஒட்டியது. "இரண்டாச்சு" இலக்கணப்படி இரண்டும்கெட்டான். காதுக்குச் சரியாக இருந்தது, விட்டுவிட்டேன்.

ஏஐ-யிடம் கேட்டால் அரை நொடியில் இருபது வரி தருகிறதே என்று போன மாசம் வந்த கல்லூரித் தம்பி கேட்டான். சந்திப் பிழை பார்க்க, ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க வைத்துக்கொள் என்றேன். என் முதல் பிரதி மாதிரிக் கவிதைதான் அதற்கு நன்றாக வருகிறது.

போடுவதற்கு முன்

சுடச்சுடப் பதிவிட வேண்டாம், குறைந்தது ஒரு வாரம் வையுங்கள். பதிவிட்டால் லைக்கை எண்ணாதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள், எண்ணிக்கொள்ளுங்கள். பெயரைக் கவிதைக்குள்ளேயே ஒட்டினாற்போல் கீழே போடுங்கள். இல்லையென்றால் ஃபார்வர்டில் உதிர்ந்துவிடும். நான் எழுதிய நாலு வரி ஒன்று ஊரெல்லாம் சுற்றி, ரோஜாப்பூவும் குட் மார்னிங்கும் சேர்த்துக்கொண்டு, எங்கள் குடும்பக் குரூப்புக்கே திரும்பி வந்தது. அனுப்பியவர் சித்தப்பா. "நீயும் இந்த மாதிரி எழுதப் பழகு" என்று கீழே ஒரு வரி.

பதிவிடுவதற்கு முன்னால் ஒரு ஆளிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கவிதை தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று இல்லை. யாரைப் பற்றி எழுதினீர்களோ அவராக இருந்தால் இன்னும் நல்லது. நான் படிக்கும் இடம் ராயபுரம் ராபின்சன் பூங்கா. 1949-இல் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த பூங்கா என்பதால் அங்கே சத்தமாகப் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

ஆனால் இந்தக் கவிதையை நான் காசிமேட்டிலேயே போய்த்தான் படித்தேன். அந்த அக்கா சார்ஜர் பின் லூஸ் என்று மறுபடி கடைக்கு வந்திருந்தார், சரி செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கருவாடு காயும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றபடி எட்டு வரியையும் படித்தேன். சிலிண்டர் வந்த இடத்தில் சிரித்தார். "ஜுரம்" என்றதும் சின்னவனைத் திரும்பிப் பார்த்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கவிதை வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாம் சரி தம்பி. அரிசி எதுக்கு களையறேன்?"

"அடுப்பு பத்த வெக்கணும்னு சொன்னீங்களேக்கா."

"போட்டு வந்து, மீன எறக்கி, ஏலம் முடிஞ்சி அவரு வூட்டுக்கு வர்றதுக்கே எட்டு மணி ஆவும். மூணு மணிக்குச் சோறு ஆக்கி யாருக்குப் போடுவேன்? வந்ததும் குளிக்கணும்ல. பத்து நாள் உப்பு. அண்டால வெந்நி வெப்பேன். பெரிய அண்டா, வெறவு அடுப்பு, காயறதுக்கு நேரமாவும். அதான் டிக்கு பாத்து வெக்கறது."

நோட்டை அங்கேயே படகு விளிம்பில் வைத்துக் கடைசி வரியை அடித்தேன். வெந்நீர் என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்டா போட்டியா?" என்றார். அதையும் போட்டேன்.